மாமனாரை முந்திய மொழிபெயர்ப்பு

வாயை வாடகைக்கு விடுகிறவன், அதற்கு முன் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட வேண்டும். போலந்தில் போய்ப் படித்தும் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

படிப்பு முடிந்து போடிக்குத் திரும்பியிருந்தேன். இங்கே ஏலக்காய் வியாபாரி ஒருவருடைய மகளை எனக்குப் பேசி முடித்து, வெள்ளிக்கிழமை நிச்சயம். சித்தப்பாவுக்கும் ஏலக்காய்க் கடைதான். அந்த வாரம் பார்த்து, போலந்திலிருந்து மாரெக் என்பவர் காய் வாங்க வந்தார். அவருக்குப் போலிஷ் தவிர வேறெதுவும் வராது. ஏற்றுமதியைக் கவனிக்கும் கொச்சி மேனேஜருக்குத் தமிழ் அரைகுறை. ஆகவே போலிஷிலிருந்து ஆங்கிலத்துக்குப் பாலம், அடியேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னால் இனி எல்லா வேலையும் எனக்கே என்று மேனேஜர் சொல்லியிருந்தார். உயிரே போனாலும் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

போலிஷ்காரர்களுக்கு அடுத்தவனை மிஞ்ச ஒரு வினைச்சொல் போதாது. பின்னாலிருந்து வந்து முந்துவதற்கு ஒன்று (ப்ஷெஷ்ச்சிக்னோன்ச், ஏலக்காயைத் தோலோடு மென்றால் இந்தச் சத்தம் வரும்). தலைக்கு மேல் நிமிர்ந்து நிற்பதற்கு ஒன்று. நாற்காலியிலிருந்து தள்ளிவிட ஒன்று. ‘உன்னைவிட நான் உசத்தி’ என்று மூக்கைத் தூக்கிக்கொண்டு திரியத் தனியாக ஒன்று. மாரெக்குக்குத் தோட்டம் காட்டப் போடிமெட்டுக்கு ஜீப்பில் போனபோது, அவர் பேச்சில் வந்த இவற்றுக்கு வளைவுக்கு ஒரு சொல்லாக ஆங்கிலம் தேடிக்கொண்டே போனேன். (குமட்டியது மலைப்பாதையாலா, வினைச்சொற்களாலா என்று இன்றுவரை தெரியாது.)

கடைக்குத் திரும்பியதும் சித்தப்பா மாதிரிக்காய் எடுக்க உள்ளே போனார். மாரெக் தான் வியாபாரத்தில் மேலே வந்த கதையை விலாவாரியாகச் சொல்லி முடித்துவிட்டு பஜ்ஜியில் இறங்கினார். நான் மேனேஜரைப் பார்த்து எழுந்து நின்றேன். ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது, அவராகவே மாறி ‘நான்’ என்றுதான் பேச வேண்டும் என்பது எங்கள் தொழில் தர்மம்.

“மை ஃபாதர்-இன்-லா லுக்ட் டவுன் ஆன் மீ!” என்று நெஞ்சில் கை வைத்து முழங்கினேன். “ஐ ஓவர்டுக் ஹிம்! ஐ த்ரூ ஹிம் ஃப்ரம் ஹிஸ் சேர்! நவ் ஐ ஸ்டாண்ட் அபவ் ஹிம்!”

வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. நிச்சயச் சேலை எடுக்க மதுரைக்கு எப்போது போகலாம் என்று கேட்க வந்திருந்த என் வருங்கால மாமனார். ஏலத்தில் வெளியூர் வியாபாரிகளோடு பேசிப் பழகியவர். இந்த அளவு ஆங்கிலம் அவருக்குத் தாராளமாகப் புரியும்.

“மாப்ளே, யாரச் சொல்றீங்க?”

புத்தியுள்ளவன் அங்கேயே விளக்கியிருப்பான். நானோ தொழிலில் இருந்தேன். கேள்வியை அப்படியே போலிஷாக்கி மாரெக்கிடம் கொடுத்தேன். அவர் சிரித்தபடி சொன்ன பதிலை மேனேஜருக்கு ஆங்கிலத்தில் சொல்லி, கேட்டவருக்கும் குறை வைக்கக் கூடாதென்று தமிழிலும் முழங்கினேன்.

“வேற யார? என் மாமனாரத்தான்! இப்ப அந்தக் கெழவன் என் கடை வாசல்லதான் வந்து நிக்கிறான்!”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “நல்லதுப்பா. நிச்சயத்தப் பெறகு பாத்துக்கலாம்.”

மாரெக்கின் பேச்சில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அதையும் முடித்துவிட்டுத்தான் (எழுதவே வெட்கமாக இருக்கிறது) தெருவுக்கு ஓடினேன். மாமனாருடைய பைக் போய்விட்டிருந்தது. அது போன திசையில் தெருமுனை வரை துரத்தியும் பார்த்தேன். அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மறுநாள் மாரெக்கையே மாமனார் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மாரெக் கண் கலங்கி மன்னிப்புக் கேட்டார். என்ன பிரயோசனம், அதை மொழிபெயர்க்கவும் நான்தானே வேண்டும்!

“இவன் வாயி சொல்றத இனி எவன் நம்புவான்?” என்றார் மாமனார்.

கடைசியில் மேனேஜர் வந்து தன் மலையாளத் தமிழில் சாட்சி சொன்னார். “சாரே, அது ஈ மோன் தன் கதை பறஞ்ஞதல்லா. இந்த வெள்ளைக்காரச் சாயிப்போட மாமனாராணு!” மாமனார் மாரெக்கை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, “பாவம், அந்த மனுசன்” என்று முகம் தெரியாத அந்தப் போலந்து மாமனாருக்காக உச்சுக் கொட்டினார். வெள்ளிக்கிழமை நிச்சயம் நடந்தது.

இப்போது வீட்டில் துணிந்து சொல்ல முடியாததை எல்லாம் நான் மாரெக் தலையில் போட்டுவிடுகிறேன். நேற்றுகூடச் சாப்பாட்டில், “சாம்பார்ல உப்புக் கம்மியாம், போலந்துக்காரர் சொல்றாரு” என்றேன். என் மனைவி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“அப்படியா? நாளையிலருந்து அவரயே சமைக்கச் சொல்லு. ஒரு வார்த்த விடாமச் சொல்லணும்.”