மாமனார் காயவைத்த கப்பல்

தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பொருளுக்காக அரசாங்கத்திடம் பணம் கேட்டு அலைகிறவனுக்கு யாரும் பெண் கொடுக்கக் கூடாது. என் மாமனார் கொடுத்தார். அதன் பலனை நாங்கள் இருவருமே அனுபவித்தோம்.

ஈப்போவில் பழம்பொருள்களைப் பாதுகாக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. பழைய கட்டடத்துக்குச் சாயம் பூச வேண்டும் என்றால் மேலிடத்தில் உடனே கையெழுத்து விழும். பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா? பேராக் ஆற்றின் அடியில் ஒரு பழைய சரக்குக் கப்பல் புதைந்து கிடக்கிறது, ஆள் இறக்கிப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும், "அடியில கெடக்குறத யாருண்ணே போயிப் பாக்கப் போறா? விடுங்கலா" என்பார் கணக்குப் பிரிவுத் தம்பி. கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது.

ஒருநாள் தெலுக் இந்தான் பக்கம் ஆற்றில் மணல் அள்ளியபோது அந்தக் கப்பலின் பலகைகள் சில மேலே வந்தன. அவற்றைப் பார்த்து நிதி தருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் தலைமையில் குழு வருவதாகச் சொன்னார்கள். அந்த நிதி வந்தால்தான் மீதிக் கப்பலுக்கு விடிவு. வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள்.

நெடுங்காலம் தண்ணீரில் ஊறிய மரத்தைத் தண்ணீரிலேயே வைத்திருக்க வேண்டும். மருந்து ஏற்றாமல் காயவிட்டால் சுருங்கி வெடித்துவிடும். அலுவலகத்தில் அவ்வளவு பெரிய தொட்டி கிடையாது (அதற்கும் நிதி கேட்டிருந்தேன், சிரிக்காதீர்கள்). மாமனார் வேலை பார்த்த ரப்பர்த் தோட்டம் மூடிக் கிடந்தது. அங்கே ரப்பர்ப் பால் உறையவைக்கும் தொட்டிகள் சும்மா இருந்தன. அனுமதி வாங்கி, பலகைகளை அதில் ஊறப்போட்டேன்.

மாமனார் அந்தத் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் கொட்டகையில் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகும் பக்கத்திலேயே குடியிருந்தார்.

"மாமா, எனக்கு ஈப்போவுல வேலை இருக்கு. குழு வர்ற வரைக்கும் இதைப் பத்திரமா பாத்துக்குங்க."

"ஏன் மாப்ளே, தண்ணியில போட்டு வெச்சிருக்கீங்க?"

"அது பெரிய சைன்ஸ் மாமா. சொன்னாப் புரியாது."

அப்போதுதான் ஒரு பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்திருந்தேன். தரையில் கால் பாவவில்லை. 'காயவிடாதீங்க' என்ற ஒரே சொல்லில் முடிந்திருக்கும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குழு வருகிற அன்று காலையில் போய், மூடியிருந்த தகரத்தைத் தூக்கினால், தொட்டி காலி. தேய்த்துக் கழுவிப் பளிச்சென்று இருந்தது. கொட்டகைப் பக்கமிருந்து புகை வந்தது. அங்கே ஓடினேன்.

மாமனார் திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார்.

"வாங்க மாப்ளே! ஊறி நாறிப்போயிக் கெடந்துச்சு. வர்றவங்க என்னா நெனைப்பாங்க? கழுவி, வெயில்ல போட்டு, அப்புறம் ஷீட்டுக்கு வெக்கிற மாதிரியே பதமா நெருப்பு வெச்சேன். இப்ப ஒரு சொட்டு ஈரம் இல்லலா!"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஈரமான ஷீட்டில் பூஞ்சை பிடித்தால் தோட்டத் துரை கத்துவார். ஆயுள் முழுக்க அவருக்குப் பத்திரம் என்றால் காயவைப்பதுதான். மூங்கில் கழிகளின் மேல் என் கப்பல் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மருமகன் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பூரிப்பு அவர் முகத்தில். நான் "நல்லது மாமா" என்றேன். வேறென்ன சொல்வது?

டத்தோ வந்தார். பலகைகளை எட்டிப் பார்த்தார். விறகு என்று நினைத்து நகர்ந்துவிட்டார். அடுப்பருகில் போய் நெருப்பு எப்படி மூட்டுவது என்று கேட்டார். மாமனார் செய்து காட்டினார். குழு மொத்தமும் இருமிக்கொண்டே அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டது. நான் இரவெல்லாம் தயாரித்த உரை பைக்குள்ளேயே இருந்தது.

நிதி கிடைத்தது, கொட்டகைக்கு. அதைப் பழுதுபார்த்து ரப்பர்க் காட்சிக்கூடம் ஆக்கினார்கள். கப்பலின் கோப்பை மூடினார்கள். இன்றைக்கும் அந்த ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும்.

வீட்டில் யார் குளியலறையில் நேரம் கடத்தினாலும், "ஊறுனது போதும், எங்கப்பாவக் கூப்பிடவா?" என்று என் மனைவி கதவைத் தட்டுவாள். சொந்தக்காரர்கள் வந்தால் இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்பமாட்டாள்.

மாமனாருக்கு மட்டும் இதுவரை உண்மையைச் சொல்லவில்லை. அந்தக் காட்சிக்கூடத்தில் இப்போது அவர்தான் வழிகாட்டி. மேலிடத்திலிருந்து யார் வந்தாலும் என்னையும் அழைத்துப் போவார்கள். அங்கே வைத்திருக்கும் வெடித்த பலகையைத் தடவிக்கொண்டே அவர் சொல்வார்: "இது நம்ம மாப்ளே ஆத்துலேர்ந்து எடுத்த கப்பல். பாவம், தண்ணியில போட்டு அழுக விட்டுட்டாரு. நாந்தான் காப்பாத்துனேன்."

எல்லோரும் கைதட்டுவார்கள். அதற்கு முன்னால் அதை அவர்களுக்கு மலாய் மொழியில் மொழிபெயர்த்துச் சொல்கிறவன் நான்.