குஷன்காரர் வீட்டுக் கொலைத் தொடர்

இனிமே பொண்டாட்டி கையால பச்சத் தண்ணி கூடக் குடிக்கிறதில்லன்னு குஷன்காரர் முடிவு பண்ணிட்டாரு. வேற வழி? இருக்கறது ஒரு உயிரு.

எல்லாம் பக்கத்து வீட்டு வாண்டால வந்தது. பள்ளிக்கூடம் கூடச் சேராத பொண்ணு. அவரு பட்டறையில உக்காந்து போன்ல சண்டைப் படம் பாத்துச்சு. முடிஞ்சதும் எந்திரிச்சு, அவரு அப்பத்தான் தைச்சு வச்ச சோபா குஷன் மேல ஏறிக்கிச்சு. மூக்கு இருக்கவேண்டிய எடமாப் பாத்து விட்டுச்சு ஒரு குத்து. "இதோட நீ காலிடா!"ன்னு வசனம் வேற. வில்லன் மாதிரியே உதட்டைக் கூட ஒரு பக்கமாக் கோணிக்கிச்சு.

"யாரு பாப்பா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"யாருமில்ல மாமா. சும்மா பாத்தேன்."

சும்மா பாத்தாளாம்! சும்மா பாத்ததுக்கே குஷனுக்கு இந்தக் கதின்னா, வீட்டுல ஒருத்தி தினம் சாயங்காலம் என்னத்தத் தேடித் தேடிப் போட்டுப் பாக்குறா? கொலைத் தொடர்! ஒவ்வொரு கதையிலயும் ஒரு புருஷன் போய்ச் சேருவான். கொன்னது யாருன்னு கேக்கவே வேணாம்.

அன்னிக்கு வீட்டுக்குள்ள பூனை மாதிரி நுழைஞ்சாரு. டிவியில "டொய்ங்ங்ங்"னு சத்தம். சம்சாரம் கண்ணு இமைக்காம உக்காந்திருந்தா.

"இன்னிக்கு எப்படி?"ன்னாரு.

"சூப்புல கலந்துட்டா."

"ஐயோ பாவம்."

"பாவந்தாங்க அவ! எத்தன நாள்தான் பொறுப்பா? அந்த ஆளு குடிச்ச டம்ளரைக் கூட நகத்தி வைக்க மாட்டான்." திரும்பி அவரை மேலயும் கீழயும் பாத்தா. "உக்காருங்க. உங்களுக்கும் சூப்பு வச்சிருக்கேன்."

"வேணாம்! நானே வச்சுக்குறேன்!"

"உங்களுக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதே?"

"தேடிக் கண்டுபிடிச்சுக்குறேன்!"

கண்டுபிடிச்சாரு. மொத சூப்பு கரிஞ்சுது. போகப் போக வாசனையே வர ஆரம்பிச்சுது. "எனக்கும் ஒரு கிண்ணம்"னா அவ. ஊத்திக் குடுத்து, அவ குடிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருந்துதான் தான் வாயில வச்சாரு. வச்சது அவரே! சந்தேகம்னா அப்படி ஒரு சந்தேகம்.

அடுத்த கதையில வாணலியால மண்டையில ஒரே போடு. மறுநாள்லேருந்து பாத்திரமெல்லாம் அவரே கழுவித் துடைச்சு, பீரோவுல வச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டாரு. அதுக்கடுத்து ஒருத்தன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து செத்தான். இவரு மண்டி போட்டுத் தேய்ச்ச தேய்ப்புல தரையில பாத்துத் தலை சீவலாம்.

நடுவுல ஒரு தடவை வீரத்தோட கேட்டும் பாத்தாரு. "இந்தக் கர்மத்தை நிறுத்து. கண்ணு பாக்குறது கைக்கு வந்துரும்! ஒரு பச்சப்புள்ள குத்துனதை நான் பாத்தேன்."

"போங்க, நான் கொசுவைக் கூட அடிக்க மாட்டேன்."

"புருஷன்கிட்ட பழகிட்டு அப்புறமா கொசுவுக்கு வரலாம்னு இருக்கியா?"

அவ சிரிக்கல. "உங்க எடை எவ்ளோங்க?"ன்னா.

"எ... எதுக்கு?"

"சும்மாதான்."

வீரம் அப்பவே பட்டறைக்குக் கிளம்பிருச்சு.

ஒரு நாள் வேலை சீக்கிரமா முடிஞ்சுது. வந்தா கதவு லேசாத் திறந்திருக்கு. டிவி ஓடல. சம்சாரம் சோபாவுல காலை நீட்டிப் படுத்துக்கிட்டு, போன்ல அவ அக்காகிட்ட கிசுகிசுன்னு பேசிட்டிருக்கா. ஆஹா, சதி! ரெண்டு பேரும் கூட்டு! குஷன்காரர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கதவுல காதை வச்சாரு.

"ஆமாக்கா, உங்க வீட்டுக்காரர் மாதிரியேதான், அப்படியே நம்பிட்டாரு. சமையல் ஆச்சு, பாத்திரம் ஆச்சு, பாத்ரூமும் ஆச்சு. துணி துவைக்க வைக்கிற மாதிரி ஏதாவது கொலை இருந்தா சொல்லேன்."