பொசுக்கும் முயலும்

ஆறு என்ற விலையைச் சிவப்பு மார்க்கரால் அடித்து, ஐந்து என்று எழுதி ஆடிய பிறகும் தராசு தோற்றுப்போனார்.

சீட்டு விளையாட்டு தயாரிக்கும் அந்தக் கம்பெனியில், புதுச் சீட்டு ஒவ்வொன்றையும் ஆடிப் பார்த்து வலுவை எடைபோடுவது அவர் வேலை. பட்டப்பெயர் வந்த வழி அதுதான். போன வருஷம் அவர் 'சரியான எடை' என்று கையெழுத்துப் போட்ட பூதச் சீட்டு ஒன்று, மேஜையில் இறங்கிய மறு நிமிஷமே ஆட்டத்தை முடித்துவிட்டது. வாங்கியவர்கள் பெட்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். கூட ஆடிப் பார்த்த நாலு பேரையும் முதலாளி வேலையை விட்டு அனுப்பினார்.

"இன்னொரு சீட்டு இப்படி வெளியே போச்சு, அஞ்சாவது ஆள் நீங்கதான்" என்று இவரிடம் அன்பாகச் சொல்லியும் வைத்தார்.

இன்றைய சீட்டின் பெயர் 'பொசுக்கு'. எதிராளியின் மிருகம் ஒன்றைச் சாம்பலாக்கும் மந்திரம். அதை இறக்க ஆட்டக்காரர் ஆட்டக் காசில் விலை கொடுக்க வேண்டும்; விலை குறையக் குறைய சீட்டுக்கு வலு கூடும். நாலு மணிக்கு அச்சகக்காரர் வந்துவிடுவார். எதிரே உட்கார ஆளில்லாமல், கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்.

சோதனைக் கட்டு முழுவதும் மெல்லிய வெள்ளை அட்டை, பென்சில் எழுத்து. திருத்தம் மட்டும் சிவப்பு மார்க்கரில் இருக்க வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம்.

"மூணுன்னு போடறேன்மா. மறுபடி ஆடலாம்."

"ஆடலாமே சார். கிடங்குல எனக்கு என்ன, எலி தேடவா போகுது?"

பொசுக்கு கைக்கு வந்தது. தராசு முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார். அம்மா அவர் கையைப் பார்த்தார், தன் சீட்டைப் பார்த்தார், ஒரு முயலை இறக்கினார்.

"பெருசா ஒண்ணும் இல்லையா?"

"இப்போதைக்கு முயல்தான் சார்."

முயல் கடித்தது. அடுத்த முறையும் கடித்தது. மானம் தாங்காமல் தராசு அதன் தலையில் பொசுக்கைப் போட்டார். முயல் சாம்பலானது. அம்மா சாவகாசமாக ஒரு டிராகனை இறக்கினார்.

"இந்த மந்திரம் சரியான சோப்ளாங்கிம்மா" என்று தராசு விலையை ஒன்றாக்கினார். மறுபடி முயல், மறுபடி டிராகன். விலையே வேண்டாம் என்று அடித்தார். முயல், டிராகன். 'எல்லா மிருகங்களையும்' என்று மாற்றினார். முயலோடு அவருடைய சொந்த யானையும் வெந்தது.

"ஐயோ பாவம் சார், யானை."

"நீங்க ஆடுங்கம்மா!"

'எதிராளியின் எல்லா மிருகங்களையும்' என்று அழுத்தி எழுதினார். மை அட்டையில் குளம் கட்டியது. படையையே அழிக்க வல்ல அந்த மந்திரம் ஒற்றை முயலைத் தின்றது. பின்னாலேயே டிராகன் வந்தது.

இருபது வருஷ அனுபவம் ஒரு முயலிடம் மண்டியிட்டது. இனி வேறு எந்தக் கம்பெனி தன்னைச் சேர்க்கும் என்று யோசித்துப் பார்த்தார், ஒன்றும் தோன்றவில்லை. 'வலு குறைவுதான், இருந்தாலும் போகட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வந்த அச்சகக்காரர் சீட்டைப் போனில் படம் பிடித்து அச்சகத்துக்கு அனுப்பினார். "மெஷின் ஓட ஆரம்பிச்சாச்சு சார். இனிமே நிறுத்தச் சொன்னாலும் நிக்காது."

தராசு கிடங்கம்மாவிடம் திரும்பினார். "இத்தனை ஆட்டம்மா. ஒண்ணுலகூட என்னால ஜெயிக்க முடியல. இந்த மந்திரத்துல அப்படி என்னதான் கோளாறு?"

கிடங்கம்மா சீட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "மந்திரத்துல ஒரு கோளாறும் இல்ல சார். அது உங்க கைக்கு வந்தாலே சிவப்பு மை அட்டைக்குப் பின்னால பளிச்னு தெரியும். அது உங்க கையில இருக்கறப்போ டிராகனை இறக்க எனக்கென்ன பைத்தியமா?"