எலுமிச்சம்பழத்தில் மோகினி

ஏற்காட்டுக் கோடை விழாவுக்குக்கூட அத்தனை ஜீப் வந்ததில்லை. எண்பத்தொன்பதில் ஒரு நாள், செம்மநத்தம், வாழவந்தி என்று மலையே திரண்டு எங்கள் உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் நின்றது. பத்தாம் வகுப்புக் கண்ணாயி, வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்ததும், “எனக்குக் காவேரியத்தான் புடிச்சிருக்கு” என்று வகுப்புத் தோழியின் பெயரைச் சொல்லிவிட்டாள். மோகினி பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் பூசாரி வெள்ளையன் வந்திருந்தார். அவள் கையில் பிடித்த எலுமிச்சம்பழத்தை வெட்டும்போது ரத்தம் வந்தால் மோகினி. படிப்பை நிறுத்தி, அடுத்த முகூர்த்தத்தில் தாலி.

அவரை அழைத்து வந்தவன் நான். பெற்றோர் சங்கத் தலைவன். பதவிக்குத் தகுதி, மீசை. உடம்புப் பாடம் படித்தால் பிள்ளைகள் கெட்டுவிடும் என்று அறிவியல் புத்தகப் பக்கங்களைச் சோற்றுப்பசை போட்டு ஒட்டவைத்த மேதையும் நானே.

வெள்ளையன் வெட்டினார். சிவப்பாய்ச் சொட்டியது. கண்ணாயியின் அப்பா சின்னன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“அடுத்தது தலைவர் கையில ஒரு பழம் குடுங்க” என்றார் அறிவியல் டீச்சர் சாந்தாமேரி.

“வேண்டாமுங்க, ஒரு கத்திக்கு ஒரு பேய்தானுங்க” என்று வெள்ளையன் பின்வாங்கினார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “வெட்டுய்யா! இந்த மீசைகிட்ட மோகினி வருமா?”

வெட்டினார். என் முழங்கைவரை ரத்தம் வழிந்தது.

“ஏனுங்க தலைவரே, உங்களுக்கு எந்த ஊர்ல மாப்பிள்ளை பாக்கறதுங்க?” என்றது கூட்டம். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் என் சம்சாரம்.

டீச்சர் என் இடுப்பைக் காட்டினார். கவாத்துக் கத்தி. காப்பிச் செடி கழிக்கிற அந்தக் கத்தி இல்லாமல் மலையில் எவன் வெளியே கிளம்புகிறான்? அத்தனை இடுப்பிலும் இருந்தது. ஒருவனுக்கும் உருவிப் பார்க்கத் தோன்றவில்லை. கண்ணாயி புதுப்பழம் ஒன்றைப் பிடித்தாள். டீச்சர் என் கத்தியால் வெட்டினார். வெறும் சாறு. வேலியோரச் செம்பருத்தியைப் பறித்துக் கத்தியில் தேய்த்து மறுபடி வெட்டினார். ரத்தம்! வெள்ளையன் கத்தியிலும் இதே பூச்சுதான்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க” என்று வெள்ளையன் நழுவினார்.

“பேயில்லீன்னா இது என்னதானுங்க டீச்சர்?” என்று கேட்டார் சின்னன்.

“சில பொண்ணுக்குப் பொண்ணப் புடிக்கும், சில பையனுக்குப் பையன. நோயுமில்ல, பேயுமில்லீங்க. இது புத்தகத்துல இல்ல. இருக்கற பாடத்தையும் தலைவர் ஒட்டிட்டாரு.”

“நான் நாளைக்குப் பள்ளிக்கூடம் வரலாங்களாப்பா?” என்றாள் கண்ணாயி.

சின்னன் எழுந்தார். “போ சாமி. டீச்சர் சொல்றத எனக்கும் வந்து சொல்லு.”

மறுநாள் பசையைச் சுரண்டினேன், அதே கத்தியால். புத்தகத்தில் இல்லாததை டீச்சர் கரும்பலகையில் எழுதினார். கண்ணாயியும் காவேரியும் முதல் பெஞ்சில். நான் கடைசியில்.

மலை முழுக்க எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பார்த்தோமே, ஒருநாள் மூளையையும் பிழிந்து பார்த்தால் என்ன? என்னுடையதில் இன்னும் சாறு வரவில்லை. உங்களுடையதில் வருகிறதா, பாருங்கள்.