பெண் பார்க்கப் போன மஞ்சள் பை

எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வருகிறவரின் முகத்தை அப்புறம்தான் பார்ப்பார்கள். முதலில் கையைப் பார்ப்பார்கள். கையில் பை இருந்தால் அது வந்தவருடையது அல்ல, வீட்டுக்காரருடையது. "எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டுக்கொண்டே வாசலில் வாங்கி உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். பதில் சொல்ல நேரம் தர மாட்டார்கள். இந்த நல்ல பழக்கத்தால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

எனக்குத் திண்டுக்கல்லில் சொட்டுநீர்க் குழாய்க் கடை. வீடு தாடிக்கொம்புப் பக்கம். அந்தக் காலத்தில் (பழங்காலம் ஒன்றும் இல்லை, எனக்குத் தலையில் முடி இருந்த காலம்) ஒரு கொள்கை வைத்திருந்தேன். பெரிய நகரம் என்றால் குப்பை, புகை, சாக்கடை. இயற்கை என்றால் நாங்கள்தான். நாள் முழுக்க பிளாஸ்டிக் குழாய் விற்றுவிட்டு, எதிர்த்தாற்போல் இருக்கும் டீக்கடைக்கு பைக்கில் போய் இதைச் சொல்வேன். கேட்கிறவர்களும் பைக்கில் வந்தவர்கள் என்பதால் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அப்போதுதான் மேகலாவின் ஜாதகம் வந்தது. பூர்வீகம் ஒட்டன்சத்திரம், பிறந்து வளர்ந்ததெல்லாம் பெங்களூர். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இடம் எப்படியாவது அமைய வேண்டும் என்று சௌந்தரராஜப் பெருமாளிடம் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தேன். அம்மா பெருமாளை மட்டுமே நம்பியிருக்கவில்லை. "அங்க போயி ஊர்ப் பெரும பேசாத அப்பு. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்துட்டு வா" என்று சொல்லித்தான் ரயில் ஏற்றினார்.

பெங்களூரில் அக்கா இருக்கிறாள். முதலில் நானும் அவளும் போய்ப் பார்ப்பது, பிடித்துப்போனால் பெரியவர்கள் வருவது என்று ஏற்பாடு. சிறுமலை வாழைப்பழமும் நிலக்கோட்டை மல்லியும் கொண்டு போயிருந்தேன். என்னிடம் விட்டால் நசுக்கிவிடுவேன் என்று காலையில் அக்காவே அந்தப் பையை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"ஏலே, எட்டு மணிக்குக் குப்ப வண்டி வரும். பச்ச டப்பாவ மட்டும் குடு, மத்த ரெண்டையும் தொடாத. ராத்திரிச் சாப்பிட்ட கோழி எலும்பு கெடக்கு, விட்டா நாறிப்போகும். தூங்கிராத. சாயங்காலம் நான் நேரா அங்க வந்துர்றேன்."

தூங்கிவிட்டேன்.

விழித்தபோது குப்பை வண்டியின் பாட்டு அடுத்த தெருவில் தேய்ந்துகொண்டிருந்தது. அதனால் என்ன? இவ்வளவு பெரிய ஊரில் குப்பை போடவா இடமில்லை? மூன்று டப்பாவையும் ஒரே கறுப்புக் கவரில் கொட்டினேன். என் ஷேவிங் பிளேடையும் அதிலேயே போட்டு இறுக்கிக் கட்டி, வெளியே தெரியாமலிருக்க ஒரு மஞ்சள் பைக்குள் வைத்தேன். திண்டுக்கல் ஜவுளிக்கடைப் பை. ஊர்ப்பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். சாயங்காலம் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, போகிற வழியில் வீசிவிடலாம் என்று கிளம்பினேன்.

கீழே காவலுக்கு இருந்தவர் தருமபுரிக்காரர். பையைத் திறந்து பார்த்தவர் பாம்பைப் பார்த்ததுபோல் பின்வாங்கினார். "அண்ணா, எல்லாம் கலந்து கெடக்கு. இத நான் வாங்குனா எனக்கு வேல போயிரும்ணா."

தெருமுனைக்குப் போனேன். எங்கள் ஊர்க் கணக்குப்படி தெருமுனை என்பது குப்பைக்காகவே கடவுள் படைத்த இடம். அங்கே கோலம் போட்டுப் பூந்தொட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். இதற்கு முன்னால் அது குப்பைமேடாக இருந்ததாம். தெருக்காரர்களே சுத்தம் செய்தார்களாம். நாயோடு நடந்துவந்த ஓர் அம்மாள் இதையெல்லாம் சொன்னார். சொல்லும்போதே என் பையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "கோலம் அழகா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

அடுத்தது ஒரு பாலம். அடியில் கறுப்பாக நுரை தள்ளிக்கொண்டு ஒரு சாக்கடை. அப்பாடா, நம் கொள்கை தோற்கவில்லை என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பையை வீசக் கையை ஓங்கினால், பாலத்தின் இரண்டு பக்கமும் என் தலைக்கு மேல் கம்பிவலை. என்னைப் போன்றவர்கள் ஏற்கனவே நிறையப் பேர் வந்து போயிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

மெட்ரோவில் பையை ஸ்கேனருக்குள் விடச் சொன்னார்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன சார் இது, எலும்பா?"

"கோழி எலும்புங்க. நாட்டுக்கோழி." (அந்த நேரத்திலும் ரகத்தை விட்டுக்கொடுக்கவில்லை.)

"சாப்பாடா?"

"ஆமாங்க. சாப்பிட்டது."

என்ன புரிந்ததோ, தலையில் அடித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்.

ரயில் கிளம்பியது. சும்மா சொல்லக் கூடாது, நான் வாயைப் பிளந்துவிட்டேன். மரங்களின் தலைக்கு மேலே போகிறோம். கீழே தூங்குமூஞ்சி மரங்கள் தெருவையே பந்தல் போட்டு மூடியிருக்கின்றன. அந்தப் பந்தலின் இடுக்கில் கார்கள் நகராமல் நிற்கின்றன. மேலேயோ ஒரு திருவிழாக் கூட்டம், புகையில்லாமல், சத்தமில்லாமல், பறக்கிறது. சட்டை கசங்காத பெரிய அதிகாரியும் காய்கறிக் கூடை வைத்திருந்த அம்மாவும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் ஊரில் இத்தனை பேரும் ஆளுக்கொரு பைக்கில் கிளம்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன், மலைத்துப் போனேன். பையை மறந்துபோனவன் மாதிரி, இறங்கும்போது வேண்டுமென்றே விட்டுவிட்டு நடந்தேன். "சார், உங்க பை!" என்று ஒரு புண்ணியவான் ஓடிவந்து கையில் திணித்தார்.

இப்படியாக மேகலா வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம், நானும் பையும். செருப்பு அடுக்கின் பின்னால் ஒளித்து வைக்கக் குனிந்தேன். கதவு திறந்தது.

"வாங்க, வாங்க தம்பி! உங்கக்கா டிராபிக்ல மாட்டிக்கிட்டாங்களாமுங்க, இப்பத்தான் போன் பண்ணுனாங்க. ஏனுங்க, எதுக்குங்க இதெல்லாம்?"

பை கைமாறிவிட்டது. மேகலாவின் அப்பா அதிலிருந்த 'திண்டுக்கல்' என்ற எழுத்தைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. "நம்மூருப் பையுங்க!" என்று சொல்லிச் சாப்பாட்டு மேசையின் நடுவில், சாமி படத்துக்கு நேராக, கொண்டுபோய் வைத்தார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் ஊர்ப் பெருமை பேச ஆரம்பித்தேன்.

"எங்க ஊருக் காத்து மாதிரி வராதுங்க. அம்புட்டுச் சுத்தம்" என்றேன். அந்தக் காற்று அப்போது மேசையிலிருந்து மெல்ல வீச ஆரம்பித்திருந்தது.

மேகலாவின் அம்மா மூக்கைச் சுளித்து, பிறகு மரியாதைக்காகச் சிரித்தார். "மீனுங்களா தம்பி? ஆத்தூர் டேம் மீனா?"

"ம்ம்" என்றேன். இன்றுவரை ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது.

பை சமையலறைக்குள் போனது. அப்புறம் உள்ளேயிருந்து ஒரு குரல். "நீங்க கொஞ்சம் உள்ள வர்றீங்களா?"

போட்டோவில் பார்த்ததைவிட அழகாக இருந்தாள். தரையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் என் மொத்த மானத்தையும் கொட்டி வைத்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: தூங்கியது, வண்டி போனது, கோலம், கம்பிவலை, எலும்பு. அவள் சிரிக்கவில்லை.

"குப்பையக் கொண்டு வந்தது கூடப் பரவாயில்லங்க. இப்படியா கலந்து கொண்டு வருவாங்க?" என்றாள். பிறகு என் பிளேடைக் காட்டினாள். "குப்பை பிரிக்கிற அக்கா கைய விட்டா என்ன ஆகியிருக்கும்?"

வெட்கமாக இருந்தது. கையுறையைக் கொடுத்து "பிரிங்க" என்றாள். சட்டையை மடித்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எல்லோருக்கும் பெண் பார்க்கப் போனால் தனியாகப் பேச மொட்டைமாடி கிடைக்கும். எங்களுக்கு வெங்காயத் தோல் ஒரு பக்கமும் பால் பாக்கெட் ஒரு பக்கமும் கிடைத்தது.

"உங்க வீட்டுக் குப்பையெல்லாம் எங்க போகும்?" என்று கேட்டாள்.

"கொல்லைக்கு."

"அப்புறம்?"

"தீ வச்சிருவோம்."

"அப்புறம்?"

"அப்புறம்... மேல போயிரும்."

"நீங்க சொன்ன அந்தச் சுத்தமான காத்துக்கா?"

எலும்பை எலும்போடு சேர்த்தேன்.

"எங்க ஊர் மட்டும் ஒழுங்குன்னு சொல்லலைங்க" என்றாள். "ஏரி நுரை தள்ளுது. குடிக்கிற தண்ணி லாரில வருது. இத்தனை பேரு நெருக்கிக்கிட்டு இருக்கோமா, ஒருத்தர் தப்புப் பண்ணாக்கூட பக்கத்து வீட்டுல நாறும். அந்தப் பயத்துலதான் ஒழுங்கா இருக்கப் பார்க்கிறோம்." குளித்த தண்ணீரைச் சுத்தம் செய்து கழிப்பறைக்கும் செடிக்கும் விடுவதையும், காய்ந்த இலையெல்லாம் மாடியில் உரமாவதையும் சொன்னாள். அவள் அப்பா கார் வாங்கவே இல்லையாம். எனக்குக் கோயிலில் நிற்பதுபோல் இருந்தது. நகரத்தைப் பார்த்து அப்படியா, அவளைப் பார்த்து அப்படியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அப்போது அக்கா வந்தாள். ஒரு கையில் பழம், ஒரு கையில் பூ. கையுறையோடு தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். செய்தித்தாளைப் பார்த்தாள். "ஏலே, என்னலே பண்ற? அய்யய்யோ, இது என் மாத்திர அட்டையில்ல!"

சமையலறை வாசலில் மேகலாவின் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஆத்தூர் டேம் மீனைத் தேடி அவர் கண் தரை முழுக்க அலைந்தது. நான் அவரிடமும் சொன்னேன். பெருமாளே, போச்சு என்று எழுந்துகொள்ளப் பார்த்தேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாரும் வீட்டு நெலத்தப் பத்திச் சொன்னாங்க, நகையப் பத்திச் சொன்னாங்க" என்றார் அவர் நிதானமாக. "குப்பையக் கொண்டாந்து காட்டுனது நீங்க ஒருத்தர்தானுங்க." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பில் மேகலாவும் சேர்ந்துகொண்டாள்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: கொல்லையில் இனி தீ எரியக் கூடாது. இன்று தாடிக்கொம்பு வீட்டின் கொல்லையில் உரக்குழி இருக்கிறது. சமையலறையில் மூன்று டப்பா. மேகலா உள்ளே உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்க்கிறாள். நான் டீக்கடைக்கு நடந்து போகிறேன் (மூச்சு வாங்குகிறது, அது வேறு விஷயம்).

மாமனார் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். வாசலில் அவர் கையில் அதே மஞ்சள் பை இருக்கும். நான் வழக்கம்போல் "எதுக்கு மாமா இதெல்லாம்?" என்று கேட்டுக் கை நீட்டுவேன். அவர் பையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். தெருவே கேட்கிற மாதிரி சொல்வார்:

"பயப்படாம வாங்குங்க மாப்ள. பிரிச்சுத்தான் கொண்டாந்திருக்கேனுங்க!"