பத்திரமாக நின்ற மூக்கு மெஷின்

மக்காச்சோளம் முற்றினால் அறுக்க வேண்டும் என்பது உலகத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். பனங்காட்டேரியில் மட்டும் அதற்கு முன்னால் ஒரு கூட்டம் போட வேண்டும் என்று ஏற்பாடு.

தேவகிக்குக் கூட்டத்துக்கெல்லாம் நேரமில்லை. ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலம், கதிர் காய்ந்து மட்டை வெளுத்து நிற்கிறது. வங்கக் கடலில் என்னமோ சுழல்கிறது என்று டிவியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். மழை விழுந்தால் கதிர் நின்ற நிலையிலேயே பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும், கோழித் தீவனத்துக்குக்கூட எடுக்க மாட்டார்கள். ஆள் வைத்து அறுக்கலாம் என்றால் ஆள் எங்கே? விடிவதற்குள் ஷூ கம்பெனி வேன்கள் வந்து பாதி ஊரை வாரிக்கொண்டு ஆம்பூருக்குப் போய்விடுகின்றன. மீதிப் பாதி நூறு நாள் வேலைக்குப் போய், ஏரிக்கரை மண்ணை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போடுகிறது. போன வருடம் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் போட்ட மண்தான். தேவகியும் வேனில் போனவள்தான். ஷூ மேல்தோல் தைத்துத் தைத்து இடுப்பு போன பிறகு விவசாயத்துக்கு வந்தாள். இடுப்பில் மிச்சம் இருந்ததை விவசாயம் எடுத்துக்கொண்டது.

ஆகவே, ஊர் உழவர் குழுவுக்கு அரசாங்கம் 'மக்காச்சோள அறுவடை இணைப்புக் கருவி' வழங்குகிறது என்று கேட்டபோது அவள் உண்மையிலேயே சாமி கும்பிட்டாள். கருவி வந்தது. அறுவடை வண்டியின் முகத்தில் மாட்டிவிட்டால் நீள நீளமான கூம்பு மூக்குகளை நீட்டிக்கொண்டு நிற்கும். மூக்குகளுக்கு நடுவே உருளையும் சங்கிலியும் கத்தியும் ஓடித் தட்டையைக் கீழே இழுக்கும், கதிரை மேலே பிடுங்கும். ஊர் அதற்கு மூக்கு மெஷின் என்று பெயர் வைத்தது.

மெஷினோடு ஒரு பாதுகாப்பு அலுவலரும் வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. கிருபானந்தம் அதற்கென்றே பிறந்தவர். ஷூ கம்பெனியில் ஆடிட் பார்த்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டு வியாபாரி சோதனைக்கு வருகிற அன்று தொழிலாளி எல்லோருக்கும் முகமூடி, கையுறை மாட்டி, வியாபாரி காரில் ஏறியதும் கழற்றி எண்ணி வாங்கி, அடுத்த ஆடிட் வரை பூட்டி வைப்பார். அவர் காலத்தில் கம்பெனியில் ஒரு விபத்துகூடப் பதிவானதில்லை. நடந்ததா என்பது வேறு கேள்வி, அதை யாரும் கேட்டதில்லை.

தேவகி தன் நிலத்தை முதலில் அறுத்துத் தரும்படி கேட்டபோது அவர் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அறுக்கலாம்மா. அதுக்கு முன்னாடி பாதுகாப்பு இருக்குதில்ல? 'இயந்திரம் ஓடும்போது முன்பக்கத்துக்கு அருகில் யாரும் நிற்கக் கூடாது.' பார்த்தியா?"

நல்ல விதி. எஞ்சினை அணைக்காமல், உருளையில் சிக்கின தட்டையைக் கையால் இழுத்தவன் முழுக் கையோடு வீடு திரும்பியதில்லை. ஆனால் ஒரு நல்ல விதியை வந்தபடியே விட்டுவைப்பது ஒரு அலுவலருக்கு அழகா? கிருபானந்தம் அதைச் செம்மைப்படுத்தினார். 'இயந்திரம் ஓடும்போது பத்து மீட்டருக்குள் எவரும் இருத்தல் கூடாது.' இதைப் பெரிய பலகையில் சிவப்பு எழுத்தில் எழுதி, மேலே மண்டை ஓடு வரைந்து, இரும்புக் கால் வைத்து, தேவகியின் சோளத்துக்குள்ளேயே பத்தடி தள்ளி நட்டார். ஓரத்தில் நட்டால் சோளம் மறைக்கிறதாம்.

வாணியம்பாடியிலிருந்து அறுவடை வண்டியோடு வந்திருந்த டிரைவர் இஷ்தியாக் அகமது பலகையை இரண்டு தரம் படித்தான்.

"சார், எவரும்னா... நானு?"

"நீயும் எவரோ ஒருத்தர்தானேப்பா?"

"நான் பத்து மீட்டர் தள்ளி நின்னா வண்டிய யார் சார் ஓட்டுறது?"

"அது ஓட்டுறவங்க பிரச்சினை. நான் பாதுகாப்பு."

"இன்னா பேஜார் சார் இது!"

இந்தச் சிக்கலைத் தீர்க்கக் குழு கூடியது. வேனில் போகாத பெரியவர்கள் எல்லோரும் பேசினார்கள். வானம் கிழக்கே மூடிக்கொண்டு வந்ததைத் தேவகி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், மெஷினை அனுப்பிய வேளாண் துறையின் இளம் பொறியாளர் இளம்பரிதி வழி கண்டுபிடித்தார். கறுப்புக் கண்ணாடி போட்டவர், நிற்கிற இடத்திலெல்லாம் ரீல்ஸ் எடுப்பவர். டிரைவர் 'எவரும்' என்பதில் அடங்க மாட்டார், அவர் இயந்திரத்தின் ஒரு பாகமாகக் கருதப்பட வேண்டும் என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பாகம் என்றால் பராமரிப்பு உண்டல்லவா? நாள்தோறும் வேலைக்கு முன் அசையும் பாகங்களுக்கு மசகு இட வேண்டும் என்றது கையேடு. இஷ்தியாக்குக்கு மசகுச் செலவில் ஆம்பூர் பிரியாணி வாங்கிக் கொடுக்கப்பட்டது. கத்தரிக்காய் தொக்கு உபபொருள் என்ற கணக்கில் வந்தது. அவன் அதற்குப் பிறகு எந்தத் தீர்மானத்தையும் எதிர்க்கவில்லை.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. ஷூ கம்பெனிக்கு லீவு, பிரியாணிப் பொட்டலம் உண்டு என்ற செய்தி பரவியதால் ஊரே வந்து வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டது. எல்லோருக்கும் தலைக்கவசமும் கையுறையும் கொடுத்தார் கிருபானந்தம். உருளைக்கு அருகே தொங்கும் துணி கூடாது என்று வேட்டிக்காரர்களையும் புடவைக்காரிகளையும் வரப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார். மெஷின் பக்கத்தில் தொங்கியது பொறியாளர் கழுத்து அடையாள அட்டை மட்டும்தான். அது அரசாங்கத்துடையது, விதிவிலக்கு. எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். தேவகி உறுதிமொழியின் நடுவில் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்ததால், ஊர் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

"போதும் சார், ஓட்டச் சொல்லுங்க. மழை வந்துரும்!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இஷ்தியாக் ஏறினான். மூக்கு மெஷின் உறுமிக்கொண்டு சோளத்துக்குள் புகுந்தது. தட்டை சரசரவென்று உள்ளே போக, கதிர் தடதடவென்று மேலே ஏறியது. பார்க்கவே வயிறு குளிர்ந்தது அவளுக்கு. பத்தடி போயிருக்கும். மடேரென்று ஒரு சத்தம்.

மெஷின் பாதுகாப்புப் பலகையில் மோதியிருந்தது.

இஷ்தியாக் உடனே எஞ்சினை அணைத்து, சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, உருளை ஓய்ந்த பிறகுதான் கீழே இறங்கினான். அன்று முழுவதும் அந்த நிலத்தில் நடந்த ஒரே பாதுகாப்பான காரியம் அதுதான். அதை யாரும் ரீல்ஸ் எடுக்கவில்லை.

"பெரிசா ஒண்ணும் இல்ல சார். கத்தி ஓரத்துல கொஞ்சம் தெறிச்சிருக்குது. வேற கத்தி பொட்டியில இருக்கு. கொஞ்ச நேரத்துல மாத்திடுவேன்."

"தெறிச்ச துண்டு எங்க?" என்றார் கிருபானந்தம். அவர் முகத்தில் பழைய ஒளி வந்துவிட்டது.

ஷூ கம்பெனியில் வேலை செய்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. அங்கே தையல் ஊசி உடைந்தால், உடைந்த அத்தனை துண்டும் கிடைக்கும் வரை லைன் நிற்கும். யாரும் எழுந்து போகக் கூடாது, சோற்றுக்கும்கூட. எல்லாத் துண்டையும் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. வாங்குகிற வெள்ளைக்காரக் குழந்தையின் காலில் குத்திவிடக் கூடாது பாருங்கள். நியாயமான விதி. அது சோளக் கொல்லைக்கும் பொருந்துமா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

"துண்டு கிடைக்கிற வரைக்கும் மெஷின் நகரக் கூடாது. பதிவுல கையெழுத்துப் போட்ட யாரும் நிலத்தை விட்டுப் போகக் கூடாது."

தேவகி சரிந்து கிடந்த பலகை மேலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் என்னமோ உறுத்தியது. மண்டை ஓட்டின் கண்ணில், புளியங்கொட்டை அளவு இரும்பு குத்திக்கொண்டு நின்றது.

எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் என்ன நடக்கும்? ஒட்டிப் பார்ப்பார், அளப்பார், குழு கூடும், பலகையைப் புதிதாக எழுதுவார்கள், அந்த மழை காத்திருக்குமா? அவள் வரப்பைப் பார்த்தாள். அறுக்கக் கூப்பிட்டபோது ஒருத்தர்கூட வராத ஊர், இன்று மொத்தமாக, கையில் உறையோடு, போகவும் முடியாமல் உட்கார்ந்திருந்தது. அவள் துண்டைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

"சார், செடி நிக்கிறப்ப தரை தெரியுமா? எப்படித் தேடுறது?"

கிருபானந்தம் யோசித்தார். "தேடுதலுக்கு இடையூறான தாவரங்களை அகற்ற வேண்டியதுதான்."

"கதிர் மட்டைக்குள்ள போயிருந்தா?"

"மட்டையை உரிச்சுப் பார்க்கணும். ஒண்ணு விடாம."

"மணிக்குள்ள?" என்று ஆர்வமாகக் கேட்டார் இளம்பரிதி.

"மணியைவிடத் துண்டு பெருசு சார். அறிவியல்பூர்வமா வாய்ப்பில்ல," என்றார் கிருபானந்தம்.

"சோதிச்ச கதிரையும் சோதிக்காததையும் கலந்துடக் கூடாது சார். சோதிச்சதை என் வீட்டுக் களத்துல தனியா கொட்டிடலாமா?" என்றாள் தேவகி.

"நீ எந்த லைன்ல இருந்தம்மா? சூபர்வைசராவே போயிருக்கலாம் நீ!" என்று மனதாரப் பாராட்டினார் கிருபானந்தம்.

பொழுது சாய்வதற்குள் ஒன்றரை ஏக்கரும் மொட்டையாகிவிட்டது. வருகைப் பதிவில் முதல் கையெழுத்தே இளம்பரிதியுடையது என்பதால் அவரும் குனிந்து தட்டை வெட்டினார். கறுப்புக் கண்ணாடி வியர்வையில் வழுக்கி விழுந்தது, அதையும் தேடினார்கள். ஒவ்வொரு கதிராக உரித்து, திருப்பிப் பார்த்து, 'இல்லை' என்று உரக்கச் சொல்லிக் கூடையில் போட்டார்கள். தார்ப்பாயை இழுத்துக் களத்தை மூடும்போது முதல் தூறல் விழுந்தது. தேவகி தார்ப்பாயின் மேலேயே விழுந்து சிரித்தாள், கொஞ்சம் அழவும் செய்தாள்.

அப்போதே துண்டைக் கொடுத்துவிடலாம் என்று முடிச்சில் கை வைத்தாள். பக்கத்து நிலத்துக் காசிநாதன் தொண்டையைக் கனைத்தார்.

"சார், மோதின வேகத்துக்கு அந்தப் பீஸு எங்க கொல்லையில வுழுந்திருக்கலாம்ல?"

கிருபானந்தம் விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிக் கோணம் பார்த்தார். "வாய்ப்பு இருக்குது."

அன்றைய மழை தூறலோடு விட்டுப் போனதும் காசிநாதன் கொல்லையில் தேடினார்கள். அங்கே கிடைக்காததால் அதற்கு அடுத்த கொல்லை. காற்று பலமாக அடித்த நாளாயிற்றே என்று ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கொல்லைகளும் சேர்ந்துகொண்டன. அனுபவம் உள்ளவள் என்று தேவகியைத் தேடுதல் குழுத் தலைவியாக நியமித்துவிட்டதால் ஒரு கொல்லைகூட அவளால் தவறவிட முடியவில்லை. புடவை மாற்றும்போதெல்லாம் முடிச்சை மாற்றினாள். உள்ளங்கை கையுறைக்குள்ளேயே கொப்பளித்தது. ஊரில் கடைசிக் கதிரும் உரிக்கப்பட்ட பிறகுதான் தேடுதல் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. மூக்கு மெஷின் மோதிய இடத்திலேயே பத்திரமாக நின்றது. நாள் தவறாமல் மூக்கைத் துடைத்து, சங்கிலித் தளர்ச்சி பார்த்து, அசையும் பாகத்துக்கு மசகு இட்டார்கள். அசையும் பாகம் நன்றாகப் பருத்திருந்தது.

துறையின் அறிக்கை சுருக்கமாக இருந்தது. இயந்திரம் வழங்கப்பட்டது. பயிர் முழுவதும் அறுவடையானது. விபத்து ஏதுமில்லை. மூன்றும் உண்மை. ஆகவே பனங்காட்டேரி 'நூறு விழுக்காடு விபத்தில்லா இயந்திர அறுவடைக் கிராமம்' என்று அறிவிக்கப்பட்டு, பந்தல் போட்டு விழா எடுத்தார்கள்.

மேடையில் தேவகியைப் பேசச் சொன்னார்கள். அவள் கீழே பார்த்தாள். கொப்பளித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஊரே உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருத்தர் வீட்டிலும் சோளம் காய்ந்து பத்திரமாக இருந்தது. முதல் வரிசையில் காசிநாதன் கண்ணாலேயே கெஞ்சினார்.

"மெஷின் ரொம்ப நல்லா வேலை செஞ்சுது," என்றாள்.

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. அந்தச் சத்தத்திலேயே இளம்பரிதி மைக்கை வாங்கினார். "மகிழ்ச்சியான இன்னொரு செய்தி! முழுக்க இயந்திரமயமான இந்தக் கிராமத்தில் உடலுழைப்புக்கு இனித் தேவையே இல்லை என்று நிரூபணமாகிவிட்டது. எனவே இவ்வூருக்கான நூறு நாள் வேலை, இன்னும் கையால் உழைத்துத் துன்பப்படும் பக்கத்து ஊருக்கு மாற்றப்படுகிறது!"

தட்ட ஆரம்பித்த கைகளைப் பாதியில் நிறுத்த யாருக்கும் தெரியவில்லை. ஊர் முழுக்கத் தட்டி முடித்தது.

தேவகி விடுவிடுவென்று மேடையை விட்டு இறங்கினாள். கிருபானந்தத்தைப் பந்தல் ஓரத்துக்கு இழுத்துப் போய், முடிச்சை அவிழ்த்து, துண்டை அவர் கையில் வைத்தாள்.

"இந்தாங்க சார் உங்க பீஸு. மொத நாளே என்கிட்ட மாட்டிக்கிச்சு. மேல எழுதிப் போடுங்க, அந்த மெஷின் பத்தடிக்கு மேல ஓடலைன்னு. நூறு நாள் வேலையும் போச்சுன்னா இங்க பாதி வீட்டுல அடுப்பு எரியாது."

கிருபானந்தம் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதை அவள் உள்ளங்கையிலேயே வைத்து மூடினார்.

"அவசரப்படாதம்மா. இது கிடைச்சிடுச்சுன்னா மெஷினை ஓட்டணும். ஓட்டினா எவன் கையாவது போவும். அப்புறம் நம்ம ஊரு பேரு என்னாவறது?"

பின்னாலிருந்து காசிநாதன் எட்டிப் பார்த்தார். "கொடுத்துடாத தேவகி. அடுத்த போகத்துக்கு நான் ரெண்டு ஏக்கர் ஜாஸ்தி போட்டிருக்கேன்."

தேவகி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளும் ஆற்றோரம் இன்னொரு அரை ஏக்கர் குத்தகைக்குப் பேசியிருந்தாள். முந்தானையை இழுத்து, துண்டை வைத்து, இந்த முறை இரண்டு முடிச்சுப் போட்டாள்.