நேரில் ஆஜராகாத முழங்கால் வலி

வலி உள்ளவர்கள் வலியோடு நேரில் வர வேண்டும் என்பது குடியிருப்பு அலுவலகத்தின் விதி. அலுவலகம் மயிலாப்பூரில் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்டில் பழைய கோப்புகள் குடியிருந்தன.

மீன்காரி தேசம்மாவுக்கு நாலாம் மாடியில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். தினமும் கூடையோடு ஏறி இறங்கி, முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. தரைத்தளத்தில் ஒரே ஒரு வீடு காலியாக இருந்தது. அதைக் கேட்டு மனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

மருமகள் எஸ்தர் வேலை செய்யும் அடையாறு வீட்டில் இப்போதெல்லாம் சீன வைத்தியம்தான். கஷாயம்கூடச் சீனாவிலிருந்து வந்தால்தான் அவர்களுக்குத் தொண்டையில் இறங்கும். அந்த வீட்டம்மா கொடுத்த மூலிகை பிளாஸ்டர் பாக்கெட்டை எஸ்தர் நீட்டினாள்.

"ஒட்டிக்கினு ஏறு அத்தே. சுக்கு, பட்டை, கற்பூரம் எல்லாம் கீதாம்."

"நம்ம அஞ்சறைப்பெட்டியே சீனாவுக்குப் போய்ட்டு வந்துகீதா?"

சிரித்தாலும் ஒட்டிக்கொண்டாள். வலி போன இடம் தெரியவில்லை. அலுவலகத்தின் மூன்று மாடியும் மளமளவென்று ஏறினாள்.

"எப்படிம்மா மேல வந்தீங்க?" என்றார் அலுவலர் அறிவு.

"ஏறித்தான் சார்."

"அப்ப வலி எங்க?"

"பிளாஸ்டருக்கு அடியில கீது சார்."

அவர் குனிந்து மோந்து பார்த்தார். 'மனுதாரர் ஆஜர். வலி ஆஜராகவில்லை' என்று எழுதினார்.

தேசம்மா பதறிப்போய்ப் பிளாஸ்டரை உரித்தாள். "தோ, வந்துடும் சார்!"

"வரட்டும். அஞ்சே முக்கால் வரைக்கும் ஆபீஸ் இருக்கு."

காத்திருந்த நேரத்தில் அவர் பிடரியைத் தடவினார். "இன்னும் இருக்காம்மா?"

பாக்கெட்டிலிருந்து ஒரு பிளாஸ்டர் எடுத்துக் கொடுத்தாள். தலைமை எழுத்தருக்கு இடுப்பு, தட்டச்சருக்குத் தோள்பட்டை. நல்ல மனசு வைப்பார்கள் என்று பாக்கெட்டையே காலி செய்தாள். ஊழியர்களின் வலி எல்லாம் நேரடி ஆய்வின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஐந்தரைக்கு வலி வந்தது.

"சார், வந்துட்சு! மாதாவே, இன்னா வலி!" என்று சந்தோஷமாகக் கத்தினாள்.

அறிவு கழுத்தை இரண்டு பக்கமும் சுலபமாகத் திருப்பிக் காட்டினார். "அருமையான மருந்தும்மா. நாங்க மூணு பேரும் சாட்சி. தீரக்கூடிய வலிக்குத் தரைத்தளம் கிடையாது."

முத்திரை விழுந்தது.

"ஒண்ணாவது திருப்பிக் குடு சார், கீழ எறங்கணும்."

அவருக்கு மனசு இளகியது. "ஒட்டினதைத் தர முடியாதும்மா. எறங்க முடியாதவங்களுக்கு உதவி உண்டு. மனு போடுங்க."

"குடு சார், இப்பவே போட்றேன்."

"இங்க வாங்க மாட்டோம்மா. அந்த செக்ஷன் தரைத்தளத்துல இருக்கு."